தூய விளையாட்டும் ஒரு முழங்காலும்

போன மாதம் அச்சுவேலியில் ஒரு கூட்டம். நான்கு ஊர்க் கரப்பந்தாட்டக் கழகங்களின் தலைவர்கள் வந்திருந்தார்கள். குடிக்கப் பிளேன்ரீ, கடிக்க ரோல்ஸ்... நடுவில் நான்.

எனக்குக் கரப்பந்தாட்டம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பந்து மூக்கில் பட்டதோடு என் விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோயிற்று. பிறகேன் கூப்பிட்டார்கள்? பேப்பரில் எழுதுகிறவன் — தீர்மானம் எழுதித் தருவான். போதாக்குறைக்கு நான் எங்கள் ஊர்க் கழகத்தின் காப்பாளர். பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னால் எந்தப் பதவியையும் மறுக்கிற பழக்கம் எனக்கில்லை.

பிரச்சினை நிரோஷன். எங்கள் கழகத்தின் நட்சத்திரம். தொண்டைமானாற்றுப் பெடியன், தகப்பன் கடற்தொழில், இவன் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறான். எழும்பி அடித்தானென்றால் எதிர்ப்பக்கத்தார் பந்தைத் தேடித் திரிய வேண்டும். ஆனால் வலது முழங்கால் பழுது. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவான். பக்கத்து ஊர்க் கழகம் அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தது. எங்களுக்கு விளையாடு, சப்பாத்து, பஸ் காசு, முழங்காலுக்கு வைத்தியம் எல்லாம் எங்கள் பொறுப்பு என்று.

எங்கள் தலைவர் கொதித்தார். "இண்டைக்கு வைத்தியம் எண்டுவாங்கள். நாளைக்கு மோட்டச்சைக்கிள் கேப்பாங்கள். பிறகு நாங்கள் என்ன செய்யிறது?"

எல்லாத் தலைவர்களும் தலையாட்டினார்கள். ஆள் அனுப்பியவரும்தான். அவருக்கும் செலவு மிச்சம் அல்லவா?

பேனாவை எடுத்தேன். 'மாணவ வீரர்களின் தூய்மையைப் பேணும் பொருட்டு எந்தக் கழகமும் எந்த வீரருக்கும் எதையும் வழங்காது. மீறிப் பெறுபவருக்கு எந்தப் போட்டியிலும் இடமில்லை.' எழுதியதோடு விட்டேனா? எழும்பி நின்று ஒரு பேச்சு வேறு. "அமெரிக்காவிலையே கல்லூரிப் பெடியளுக்குக் காசு குடுக்கிறேல்லை. அமெச்சூர் எண்டால் அமெச்சூர்தான்." நல்ல கைதட்டல். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

நிரோஷனிடம் யார் சொல்வது? எழுதினவரே சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆர் அண்ணை எழுதினது?"

ஐம்பத்தெட்டு வயதில் என்னை அண்ணை என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவன். "நான்தான்" என்றேன்.

"அப்ப தமிழ் நல்லாய் இருந்திருக்கும்."

அமெரிக்காவை இழுத்தேன். அவன் போனை எடுத்துத் தட்டிக் காட்டினான். நான் சொன்னது பழைய அமெரிக்காவாம். வீரர்களுக்கு இவ்வளவுக்குமேல் கொடுப்பதில்லை என்று அங்கே கல்லூரிகள் கூடிக்கட்டிய விதி உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டதாம். ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தில் பிடித்தார்களாம். இப்போது கல்லூரிகளே நேரடியாகக் காசு கொடுக்கின்றனவாம். என் பொது அறிவு எப்போது காலாவதியானது? வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையே.

"அண்ணை, கணவாய் மீன் வாங்கிற முதலாளிமாரைப் பற்றி எழுதினியள். அப்பா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வாசகர்களுக்கும் நினைவிருக்கும். மீனவர்களுக்கு ஒருவரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை என்று முதலாளிகள் கூடிப் பேசியதை இந்தப் பத்தியில் கிழி கிழியென்று கிழித்திருந்தேன்.

"அவையள் செய்ததுக்கும் உங்கடை தீர்மானத்துக்கும் என்ன வித்தியாசம் அண்ணை?"

"அது வியாபாரம் தம்பி. இது விளையாட்டு."

"ஓம். கணவாய்க்கு முழங்கால் நோகாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துத் தப்பியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்கு நான் என்ன செய்ய? வைத்தியம் இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு விளையாட்டை விட வேண்டியதுதான் என்றும் சொன்னான். அப்போது சிரிக்கவில்லை.

வீட்டில் வந்து யோசித்தேன். எங்கள் போட்டிகளைப் பார்க்க ரிக்கற் உண்டு. மைதானத்தைச் சுற்றிக் கடைகளின் விளம்பரப் பனர்கள். நடுவருக்குக் கொடுப்பனவு, ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை, எனக்குப் பொன்னாடை. தூய்மையாக இருக்க வேண்டியவர்கள் விளையாடுகிறவர்கள் மட்டும்! நாளைக்குப் பத்திரிகைகள் எல்லாம் கூடி, 'இலக்கியத்தின் தூய்மை கருதிப் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை' என்று தீர்மானித்தால்? முதல் ஆளாக நடுத்தெருவில் நின்று கத்துவேன். ஆசிரியர் இந்தப் பந்தியை வாசிக்காமல் விட்டால் நல்லது.

தலைவரிடம் போனேன். தீர்மானத்திலிருந்து நாங்கள் விலக வேண்டும் என்றேன். மாட்டேன் என்றார். அப்படியென்றால் பத்தியில் எழுதுவேன் என்று வெருட்டினேன். இத்தனை வருட எழுத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவர் என் எழுத்துக்குப் பயந்ததைப் பார்த்தேன். விலகினோம். நாங்கள் விலகியதுதான் தாமதம் — மற்ற மூன்று தலைவர்களும் தூய்மையைக் கிடப்பில் போட்டுவிட்டு நிரோஷனுக்குப் போன் எடுத்துவிட்டார்கள்.

தலைவர் என்னையே திரும்பவும் அனுப்பினார், எப்படியாவது மறித்து வரச் சொல்லி.

"உங்கடை பக்கம் என்ன தருவியள் அண்ணை?" என்று கேட்டான் நிரோஷன். எங்கள் கழகப் பெட்டியின் நிலைமை எனக்குத் தெரியும்.

"பாசம்" என்றேன்.

"பாசம் அவையளும் தருகினம் அண்ணை. டொக்டரிட்டையும் கூட்டிக்கொண்டு போகினம்."

போன ஞாயிறு இறுதிப் போட்டி. எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிரோஷன். முழங்காலில் துணி இல்லை, ஒழுங்கான பட்டி. கடைசிப் புள்ளிக்கு எழும்பினான், அடித்தான், இறங்கினான். முகம் சுளிக்கவில்லை. காலையும் பிடிக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னை அறியாமல் எழும்பி நின்று கைதட்டிவிட்டேன்.

எங்கள் தலைவர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை.