இச்சிமரத்தடி எச்சமும் ஒரு பொய்யும்

தொண்ணூற்றொன்பதில் என் வேலை எச்சம் பொறுக்குவது. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் அம்மா, "பொண்ணு லேப்புல வேலை பாக்குதுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். குருவி கழிவதைக் கவரில் போட்டு எண்ணுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை.

கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில், ஒரு விவசாயியின் சாமைக் காட்டு நடுவில் ஆலமரத்துக்குச் சொந்தமான பெரிய இச்சிமரம் ஒன்று நின்றது. அது பழுத்துவிட்டால் மைனா, சின்னான், குக்குறுவான் என்று ஒரு பறவைக் கூட்டமே வந்துவிடும். வருகிறவை சும்மா வருவதில்லை. வேறெங்கோ தின்ற பழங்களின் விதைகளையும் கொண்டுவந்து அங்கே கழிந்துவிட்டுப் போகும். மரத்தடியில் கொசுவலைகளைக் கட்டி நான் அந்த எச்சத்தைப் பிடிப்பேன். எந்தச் செடியின் பழத்தை எந்தப் பிராணி தின்கிறது என்று சார்ட்டில் கோடு போட்டு இணைப்பேன். யார் வீட்டுப் பெண் யார் வீட்டில் வாழ்கிறாள் என்று எங்கள் ஊர்க் கல்யாணங்களை வரைந்தாலும் அப்படித்தான் சிக்கலாக வரும்.

ஒருநாள் அந்த விவசாயி, "மரத்த வெட்டப் போறேனுங்க அம்மிணி" என்றார். "குருவி ஒக்காந்து ஒக்காந்து பேண்டு, காடெல்லாம் உண்ணி முள்ளுச்செடியாப் போச்சு, சாமை வெளைய மாட்டேங்குது."

இன்னும் ஒரு பருவம் அந்த மரம் பழுத்தால்தான் என் ஆய்வு முடியும். இல்லையென்றால் இரண்டு வருட எச்சமும் வீண். அவரை நிற்க வைத்து ஒரு பிரசங்கமே செய்தேன். பறவைகள் இல்லாவிட்டால் மலையில் சோலையே இல்லை, அவைதான் மரம் நடுகின்றன என்றெல்லாம் அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உங்க வலையில என்ன நட்டிருக்குதுங்கன்னு காட்டுங்க, பாக்கலாம்."

வலையைப் பிரித்தேன். முக்கால்வாசி உண்ணி விதை. "எல்லாம் சோலை மரத்து வெதைங்க" என்றேன். என் முகம்கூட மாறவில்லை. இத்தனை வருடப் படிப்பு அதற்காவது உதவியது.

"அப்படீங்களா" என்று ஒரு பிடி அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். வீட்டு வாசலில் உடைந்த பானை ஒன்றில் அதை விதைத்துத் தண்ணீரும் ஊற்றினார். அப்புறம் நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், விதை முளைக்கக் கூடாது என்று சாமி கும்பிட்டேன். அவர் வீட்டுக் கோழிகளைக்கூட நம்பினேன். ஊரெல்லாம் கிளறிய கோழிகள் அந்தப் பானையை மட்டும் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். "ஏனுங்க அம்மிணி, உங்க சோலை மொளச்சிருச்சு, வந்து பாருங்க."

போனேன். அவர் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். உண்ணியின் வாடையைக் கண்டுபிடிக்க மேல்படிப்பு தேவையில்லை. படிப்பு முடிய இன்னும் ஒரு பருவம் மரம் வேண்டும், அதனால்தான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"வெதையப் பாத்தப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்றார். "நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இத்தன நாளு தண்ணி ஊத்தினேன்."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"படிப்பு முடியற வரைக்கும் மரம் நிக்கட்டுங்க. காட்டுல மொளச்சிருக்கற உங்க சோலைய மட்டும் நீங்களே வந்து புடுங்கிருங்க."

ஆய்வேட்டில் உண்மையைத்தான் எழுதினேன். இருப்பதிலேயே தடித்த கோடு சின்னானுக்கும் உண்ணிக்கும் இடையில்தான் ஓடியது. ஆனால் அதற்கு முன் அந்தப் பருவம் முழுக்க, கையெல்லாம் முள் கிழிக்க, அவர் காட்டில் குனிந்து உண்ணி பிடுங்கினேன். மேலே சின்னான்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு என் முதுகிலேயே கழிந்தன. அதில் எத்தனை விதை என்று நான் எண்ணவே இல்லை.