பரீட்சைக்காகக் காத்திருந்த வாய்

பல் சுகாதார டிப்ளமோவின் கடைசிப் பரீட்சையில் சுத்தம் செய்து காட்ட, காரை படிந்த பல்லுள்ள ஓர் ஆளை நாங்களே கூட்டிவர வேண்டும். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் என் அத்தைக்கு வாய் நிறையக் காரை. ஈறில் ரத்தம் கசிகிறதென்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அத்தையை நான்தான் தடுத்தேன்.

"ஆறு மாசம் பொறுங்கத்தை. இப்பவே சுத்தம் பண்ணிட்டா எனக்கு ஆள் கிடைக்காது."

"ஒனக்காகத்தான தாயி. பொறுத்துக்கிறேன்."

கஞ்சியைக் குடித்தே பொறுத்தார்கள். பரீட்சையன்று வாயைத் திறந்தால் முன்பல் இரண்டும் ஆடின.

தேர்வாளர் முகம் சுளித்தார். "இது இனி நிக்காது, பிடுங்கணும். இவ்வளவு நாள் ஏன் காட்டல?"

அத்தை என்னைப் பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "படிக்காதவுக சார். சொன்னாக் கேக்க மாட்டாக."

அத்தை திரும்பவும் வாயைத் திறந்து காட்டினார்கள்.

சுத்தம் செய்து முடித்ததும் அறிவுரை சொல்ல வேண்டும், அதற்கும் மார்க் உண்டு. "வலி வந்தா தள்ளிப்போடாம உடனே வரணும்மா" என்றேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டு அத்தை சொன்னார்கள்: "சரிங்க டாக்டரம்மா."

அந்த அறிவுரைக்கு முழு மார்க். இப்போது வேலையிலும் தினமும் அதையேதான் சொல்கிறேன். இதுவரை ஒருவர் கண்ணையும் பார்த்துச் சொன்னதில்லை.