தொடைச் சதையைக் காத்த பச்சையம்மன்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊரில், நான் வந்து உட்காராமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. அப்பேர்ப்பட்ட என்னைத்தான் அம்மன் சோதித்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாதம், ஆசனவாய் ஓரம் வந்த பவுத்திரப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். புண் ஆறியது. ஆனால் ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் சதை போய்விட்டது. மலம் எனக்குத் தெரியாமலே இறங்கியது. வெள்ளிமலையில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மலைப்பாதையில் பஸ் வளைய வளைய நாற்றம் எழுந்தது. முன் சீட்டுக்காரி திரும்பினாள்.

"யாருங்க, கொயந்த வெளிக்கி போய்ட்டுதா? பாருங்கம்மா!"

என் மடியில் குழந்தை இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பின் வாசல் தாண்டவில்லை. சாப்பிட்டால்தானே இறங்கும் என்று சோற்றைக் குறைத்தேன். உடம்பு விறகாய்க் காய்ந்தது. தொடையிலிருந்து ஒரு சதையைத் திருப்பி ஆசனவாயைச் சுற்றிக் கட்டலாம் என்றார் பெரிய டாக்டர்.

"பிடிக்காமலும் போகலாம்மா. சீழ் வெச்சா சதை செத்துடும். அப்புறம் காலத்துக்கும் வயித்துல மலம் விழற பைதான்."

பச்சையம்மனிடம் பூ கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் செய்வதில்லை. அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். தீட்டு உடம்பு என்று நான் கோயிலுக்கு வெளியே வெயிலில் நின்றேன். மருமகள் உள்ளே போய்க் கேட்டாள். பூ அசையவே இல்லை. மறுபடியும் கேட்டாள். அசையவில்லை.

பூசாரி எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, நோவு உனுக்கு, கேக்கறது மருமவளா? அங்க நின்னுக்கினு இருந்தா அவ யாருக்குப் பூ குடுப்பா? உள்ள வா."

"நாறுதுப்பா."

"புள்ள பீய அள்ளாத தாயி யாரு? அவளுக்கு இன்னா புதுசா? வா."

போனேன். வாய்விட்டு அழுது கேட்டேன். வலப்பக்கம் விழுந்தது.

ஆனாலும் அவள் லேசில் விடவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் காய்ச்சல். காயத்தில் நீர் கசிந்தது. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் டாக்டர் முகம் இருண்டது. சதை கறுத்தால் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று நர்ஸம்மாக்கள் முணுமுணுத்தார்கள். அம்மன் பேரை மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தேன். ஒரு நாள் காலை டாக்டர் குனிந்து பார்த்தார்.

"செவப்பா இருக்கும்மா. உயிரோட இருக்கு."

தொடையை நெருக்கி அந்தச் சதையை இறுக்கப் பழக்கினார்கள். மெல்ல மெல்லப் பிடித்தது. புண் ஆறும்வரை வயிற்றில் வைத்திருந்த பையையும் எடுத்தார்கள். வயிறு இளகினால் இன்றும் பயம்தான். ஆனால் போன வாரம் சம்பந்தி வீட்டு வளைகாப்பில், பந்தியின் நடுவில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்படி ஒளிந்து கிடக்கிற பெண்களே, டாக்டரிடம் சொல்லுங்கள். பச்சையம்மன் தாயிடமும் சொல்லுங்கள். சுத்தமானபின் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நாற்றத்தோடு போன என்னை அவள் தள்ளவில்லை.

தேன்மொழி, என் பேத்தியே, நான் எழுதின இதை அந்தப் பெண்கள் காதில் விழ உரக்கப் படி. கூச்சப்பட்டு எந்த வார்த்தையையும் விழுங்கிவிடாதே.