பிளசிக்கு வரவேண்டிய ஒரு நாள்

மாரண்டஹள்ளி பிளசிக்கு ஸ்பானிஷ் இலக்கணம் அத்துப்படி. வாய்தான் திறக்காது. பெங்களூரில் இரண்டு வருடம் படித்து, உதவித்தொகையில் பெரு நாட்டுக்கு நான்கு மாதப் படிப்புக்குப் போன பிறகும் அதே கதைதான். ஆண்டிஸ் மலைக் கிராமம் ஒன்றில் ஹசிந்தா என்ற உருளைக்கிழங்கு விவசாயியின் வீட்டில் தங்கவைத்தார்கள். கடைசியில் குஸ்கோ நகரத்துக்குப் போய் மூன்று ஆசிரியர்கள் முன்னால் அரை மணி நேரம் பேச வேண்டும். பேசினால் சான்றிதழ், ஓசூரில் மொழிபெயர்ப்பாளர் வேலை. பேசாவிட்டால் அப்பா சவரியோடு தக்காளிப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

ஆகவே பிளசி ஒரு திட்டம் போட்டாள். கிழங்கு தோண்டும் காலம். அக்கம்பக்கத்துக் கிழங்குக் காடுகளுக்கு வேலைக்குப் போனால் நாலு பேரோடு பேசிப் பழகலாம், ஓசியில் வரும் ஆளை யார் வேண்டாம் என்பார்கள்? ஏழு வீட்டுக் காட்டில் ஏழு நாள் தோண்டினாள். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். வேலை நேரத்தில் அவர்கள் தங்கள் கெச்சுவா மொழியில் பேசிக்கொண்டார்கள். ஸ்பானிஷ் அவர்களுக்கும் பள்ளிக்கூடத்து மொழிதான்.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது, விடிந்ததும் விடியாததுமாக ஏழு வீட்டாரும் களைக்கொத்தோடு வாசலில் நின்றார்கள். பிளசியின் காடு எங்கே என்று கேட்டார்கள். ஒரு நாள் உழைத்தவளுக்கு ஒரு நாள் உழைத்துத் திருப்ப வேண்டும், அதற்கு ஐனி என்று பெயர், திருப்பாமல் அனுப்பினால் ஊருக்கே அவமானம் என்றாள் ஹசிந்தா.

பிளசிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் ஊரில் இதற்கு மாத்தாள் என்று பெயர். அம்மா மதலேனம்மாள் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று விரல்விட்டுச் சொல்வாள். எல்லா நாளையும் தீர்த்துக்கொள்ளவும் மாட்டாள், தீர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்கும் நமக்கும் என்ன பேச்சு என்பாள். அதிலேயே வளர்ந்துவிட்டு, கடல் தாண்டியதும் தான தர்மம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள் பிளசி. வெட்கமாக இருந்தது.

காடு இல்லையென்றால் துணி துவைக்கட்டுமா, கூரை வேயட்டுமா என்றார்கள். வேறு வழியில்லாமல் வாய் திறந்தது.

"எனக்குப் பேச்சு வேலைதாங்க கெடக்குது. ஆளுக்கொரு நாளு வந்து பேசுங்க."

பேச்சும் ஒரு வேலையா என்று ஒரு கிழவருக்குச் சந்தேகம். இருந்தாலும் முறை வைத்து வந்தார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் தப்பாகப் பேசியதால் பிளசிக்குக் கூச்சம் விட்டுப்போனது. மருமகன் குறை, ஆட்டு நோய், தக்காளி விலை எல்லாம் பேசினார்கள். ஆறாம் நாள் கிழவரோடு அவள் சண்டையே போட்டாள்.

தேர்வில் ஐனியைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினாள். மலைக்காரர்களின் ராகம் அப்படியே ஒட்டியிருக்கிறது என்று சிரித்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

பெட்டியை எடுக்க ஹசிந்தா வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் செனோபியா உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வீட்டுக்காரி, முறை வராமலே போனவள். தன் நாளை இன்றே எடுத்துக்கொள் என்றாள். பஸ் வர அரை மணிதான் இருந்தது. பிளசி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அது இருக்கட்டுங்க. எங்க தக்காளி பழுக்கறப்போ வந்து பறிச்சுக் குடுங்க."

செனோபியா யோசித்தாள். அன்றைக்குச் சாப்பாடு உங்கள் வீட்டில்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மாதம் தவறாமல் செனோபியா போன் செய்து, தக்காளி பழுத்துவிட்டதா என்று கேட்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். பிளசி அப்போது காட்டில்தான் நின்றிருந்தாள். பின்னால் சவரியும் மதலேனம்மாளும் நாற்பதாவது தக்காளிப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லீங்க," என்றாள் பிளசி. "இன்னும் காய்தான்."