முந்திக்கொண்ட சாட்சி

சுவருக்குப் பெயிண்ட் முதல் கோட்டு அடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு அதன் பக்கம் போய்விடுவார். "காஞ்சிருச்சான்னு பாத்தேன்." காய்ந்திருக்காது. விரல் பதிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசிவிட்டு, ஐந்து நிமிடத்தில் அது காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். அவர் பெயிண்ட் அடித்த வீடுகளில் கதவுக்குப் பின்னாலோ சுவிட்சுப் பலகை ஓரத்திலோ அவருடைய ரேகை கட்டாயம் இருக்கும். போலீசுக்கு இவரைப் போல வசதியான ஆள் கிடைக்கமாட்டார்.

வயது அறுபத்திரண்டு. சட்டையின் பூர்வீக நிறம் மனைவிக்கே மறந்துபோயிற்று. பஸ் நிறுத்தத்தில் நிற்கமாட்டார். நடுச்சாலைக்குப் போய் எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தால் பஸ்ஸுக்கு ரோஷம் வரும் என்று எண்ணமோ என்னமோ. ஜெபமும் அதே கதைதான். ஆமென் சொன்ன கையோடு கண் வாசலுக்குப் போகும்.

"ஆண்டவரையே விரட்டி வேலை வாங்குற ஆளு," என்பார் மனைவி. "உலகத்தப் படைக்க அவருக்கே ஆறு நாள் ஆச்சு. இவரா இருந்தா மூணாம் நாளே சாவியக் கையில குடுத்திருப்பாரு."

ஒரே மகள். திருமணமாகி ஏழு வருடம் குழந்தையில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனையில் எழுந்து, "என் மகளுக்காக ஜெபிச்சுக்குங்க" என்று ஜெபக் குறிப்புக் கொடுப்பார். சபையில் இருநூறு பேர். மகள் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "ஏழு வாரம்ப்பா. மூணு மாசம் முடியட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அம்மா சொல்லமாட்டாங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்?"

மனதாரத்தான் சொன்னார். மூன்று நாள் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம். முன் வரிசைக்காரர் ஒருவர், தொலைந்த சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த கர்த்தருக்குப் பத்து நிமிடம் ஸ்தோத்திரம் சொன்னார். இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சைக்கிளுக்கே இவ்வளவா? எழுந்துவிட்டார்.

"ஏழு வருஷமா நீங்கல்லாம் ஜெபிச்சீங்க. என் மகளுக்கு ஆண்டவர் குடுத்துட்டாரு!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாவது வரிசை திரும்பிப் பார்க்கவில்லை.

"விசுவாசத்துல சொன்னேன்மா," என்றார் சாயங்காலம். "நன்றி சொல்றதத் தள்ளிப் போடக் கூடாதுல்ல?"

"நீங்க நன்றி சொல்லலப்பா. காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்தீங்க."

பதினோராவது வாரம் கரு கலைந்துவிட்டது. சொன்னதற்கும் கலைந்ததற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அது அவருக்கும் தெரியும். ஆனால் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் மாடிப்படியிலும், "எத்தனாவது மாசம் கண்ணு?" என்று மகளை வாஞ்சையாக விசாரித்தவர்கள் எல்லோரும் அவர் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்த விருந்தாளிகள். அழுவதற்குக்கூட அவளுக்குத் தனியாக ஒரு மூலை மிச்சமில்லை. அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். அப்பா வீட்டுக்கும்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் ஆராதனைக்கு முன்னாலேயே வந்து கேட் அருகே நின்றார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்லாமப் போச்சுங்க. தயவு செஞ்சு அவகிட்ட கேட்டுறாதீங்க." ஒரே மூச்சில் இருநூறு பேருக்குச் சொன்னதை இருநூறு தடவை திரும்ப வாங்க வேண்டியிருந்தது. சைக்கிள்காரர் தோளில் தட்டி, "கர்த்தருக்குன்னு ஒரு வேளை இருக்குங்க" என்று ஆறுதல் சொன்னார்.

"வேளை அவரோடதுதாங்க. வாய்தான் என்னோடது."

இப்போது கடைசி வரிசை. குறிப்புக் கொடுப்பதில்லை. வீட்டில் முழங்காலில் நின்றாலும் வார்த்தை வருவதில்லை. "வாயத் தொறந்தா 'உடனே குடு'ன்னுதான் வருது. கேக்கவே கூச்சமா இருக்கு" என்கிறார். கண்ணை மூடிச் சும்மா இருக்கிறார்.

"தூங்குறீங்களா?" என்று மனைவி கேட்டால், "காத்திருக்கேன்" என்பார்.

"அதுக்கும் குறட்டை வருமா?"

பத்து மாதம் கழித்து, போன வாரம் மகள் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "சமையல்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும். வர்றீங்களா?" விடிந்ததும் போய் நின்றார். மருமகன்தான் கதவைத் திறந்தார். மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். "கொஞ்சம் அசதியாம் மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரி முத்திரை பின்பக்கம் வரை ஊறித் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் தூக்கித் தூக்கி அடங்கியது. இன்னும் கொஞ்சம் தூக்கினால் தானே புரண்டுவிடும்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கையால் துழாவி ஒரு டம்ளரை எடுத்து, தாளின் மேல் வைத்து அழுத்தினார்.