தொட்டிலில் இறங்கிய பூரான்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். திருநெல்வேலி டவுணிலிருந்து குடும்பத்தோடு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருந்தோம். தாமிரபரணியில் முங்கி எழுந்து, புளியோதரையையும் ஒரு கை பார்த்தபின் உலகமே மிதப்பதுபோல் இருந்தது. மனைவி துணி அலசப் படித்துறைக்கு இறங்கிவிட்டாள்.

இன்னும் தவழப் பழகாத எங்கள் மகளுக்கு மருதமரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டியது நான்தான். முடிச்சு நழுவாமலிருக்க, கீழே கிடந்த மரப்பட்டை ஒன்றை இடையில் செருகிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பட்டைக்குள் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்ததைக் கவனிக்கவில்லை.

இலைகளின் வழியே வெயில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிலை ஆட்டியபடி நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். சேலையின் பூவேலையில் ஒரு கொடி மட்டும் நெளிந்து நகர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று ரசிக்கவும் செய்தேன். அது செம்பழுப்புப் பூரான் என்று உறைத்தபோது, குழந்தையின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பல்லி விழுந்தாலே கட்டில்மேல் ஏறுகிற வீரன் நான். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள், பக்கத்தில் படுத்திருந்த என் மச்சினன் பார்த்துவிட்டுச் செருப்பை ஓங்கினான்.

"ஏலே, அடிக்காத. பிள்ள மேல படும்" என்றேன்.

"அப்ப என்ன செய்யப் போறிய அத்தான்?"

எனக்கே தெரியாது. கை மட்டும் தானாகப் போய், பூரானுக்கு முன்னால் சேலையோடு ஒட்டிக்கொண்டது. அது நின்றது. மீசையால் என் விரலைத் தடவி யோசித்தது. பிறகு ஏறியது. யாரோ மெல்லிய சீப்பால் புறங்கையை வாரிவிடுவதுபோல் இருந்தது. ஆறும் காற்றும் நின்றுபோய், அந்தக் கால்கள் மட்டும் அலை அலையாக நடந்தன. கையைப் பையத் தாழ்த்தி, மண்டியிட்டு, மரத்தடிச் சருகில் வைத்தேன். இறங்கிப் போய்விட்டது.

படியேறி வந்த மனைவி, "என்ன, மரத்தக் கும்பிட்டு விழுந்து கெடக்கிய?" என்றாள்.

"தொட்டில்ல பூரான் எறங்கிட்டு. அத்தான்தான் கையில ஏத்தி விட்டாவ. அது போயிட்டு, ஆளுதான் இன்னும் எந்திரிக்கல" என்றான் மச்சினன்.

மகள் விழிக்கவே இல்லை.

அதன்பிறகும் எனக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை; ஆனால் பயம் போகும்வரை அன்பு காத்திருக்காது, முந்திக்கொண்டு கையை நீட்டிவிடும் என்பது மட்டும் அவள் தூங்கும் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.