நான்காவது பாட்டில் ஒரு குரல்

லிப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போட்டது. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, லிப்ட் ஏறி இறங்கும் சத்தத்தை இரண்டு தடவை கேட்டால் போதும். தேய்மானம் மோட்டாரிலா, கதவு உருளையிலா என்று எதையும் திறந்து பார்க்காமலே சொல்லிவிடுவான். மேற்பார்வையாளர் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "அந்தாளு காதைக் கழட்டி உங்களுக்கு மாட்டினாத்தான்யா நீங்க உருப்படுவீங்க" என்பார். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "வர்றவ குறட்டை விட்டா என் காது என்னத்துக்கு ஆகும்?" என்று சிரித்து மழுப்புவான்.

அக்கா வீட்டு மாடியறையில் இருந்தான். கீழே அக்காவும் அவள் மகளும். அக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. அவளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பிரிவில் வேலை. ஆவி சீறும் இயந்திரங்களுக்கு நடுவே இருபது வருஷம் நின்றதில் வலது காது மந்தமாகிவிட்டது. அதனால் உரக்கப் பேசுவாள். பாடினாலும் உரக்கத்தான்.

அவனுக்குப் பதினேழு வயதில் பிடித்த பைத்தியம் ஒரு ராக் இசைக்குழு. அந்தக் குழுவுக்கென்று இணையத்தில் ஒரு ரசிகர் தளம் இருந்தது. அதில் அவன் பெயர் 'ஏழாம் மாடி'. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. புதுப் பாட்டு வெளியானால் மற்ற ரசிகர்கள் ஆளுக்கொன்றாக எழுதிவிட்டு, 'ஏழாம் மாடி என்ன சொல்றார்?' என்று காத்திருப்பார்கள். ஊசி குத்துவதுபோல எழுதுவான். நாளெல்லாம் அடுத்தவர் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்கிறவனுக்கு, சாயங்காலம் முகம் தெரியாத இருநூறு பேர் தன் வாயைப் பார்த்து நிற்பது போதை மாதிரி இருந்தது.

குழு ஒரே ஒரு தடவை அவன் ஊருக்கு வந்தது. டிக்கெட் விற்பனை தொடங்கிய பத்தாவது நிமிஷத்திலேயே வாங்கி, மூன்றாம் வரிசையில் இடம் பிடித்துவிட்டான். ஆனால் கச்சேரி அன்றைக்கு அவசரப் பணியில் இருந்த ஆளுக்குக் காய்ச்சல். அந்த வேலை இவன் தலையில் விழுந்தது. வயிற்றெரிச்சலோடு டிக்கெட்டை அக்காவிடம் நீட்டினான். "வீணாப் போகுது. நீயாவது போயிட்டு வா."

"எனக்கு அந்தப் பாட்டெல்லாம் என்னடா தெரியும்?" என்றாள் அக்கா. உடனே அவளே, "தெரியாம என்ன? வருஷக்கணக்கா கூரை வழியா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் முகம் சின்னப் பெண் முகம்போல இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே கொட்டித் தீர்த்தாள். "டேய், அந்த மெதுவான பாட்டு இருக்கே, அதுல கடைசிக்கு முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. ஒரே அமைதி. எனக்கு என்ன வந்துச்சோ, பாடிட்டேன்டா! அந்தப் பாடகர் என்னைத் திரும்பிப் பாத்து சிரிச்சார்!"

"ம்" என்றான் அவன். கண் கைபேசியில் இருந்தது. கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் தளத்தில் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்து வயிறு எரிந்துகொண்டிருந்தான். அக்கா சொன்னது ஒரு காதில்கூட ஏறவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்தக் கச்சேரி முழுவதும் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. தளம் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஆகிவிட்டது. 'டிரம்ஸ் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு' என்றார் ஒருவர். 'உனக்கு நல்ல ஹெட்போன் வாங்க வக்கில்லை' என்றார் இன்னொருவர். பழைய நேரடித் தொகுப்பின் கால்தூசிக்கு வராது என்று ஒரு கட்சி, கூட்டத்தின் ஆரவாரம் கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது என்று ஒரு கட்சி. வழக்கம்போல ஏழாம் மாடியைத் தேடினார்கள்.

அவன் மூன்று தடவை கேட்டான். குறை கண்டுபிடித்தே தீர்வது என்ற முடிவோடுதான் கேட்டான். தான் இல்லாமல் நடந்த கச்சேரி நன்றாக இருந்துவிடக் கூடாது என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருந்தது. நான்காவது பாட்டில், குழு வாசிப்பை நிறுத்தும் இடத்தில், ஒரு பெண் குரல் தனியாகக் கிளம்பியது. அரைத் தாளம் முந்தி, சுருதிக்கு மேலே. பாடகர் லேசாகச் சிரித்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டார்.

அவன் எழுதினான்: 'எண்ணெய் பார்த்துப் பத்து வருஷமான லிப்ட் கதவு ஒன்றுக்கு எவனோ டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இந்தத் தொகுப்பின் ஒரே உண்மையான தனிப்பாடகர் அந்தக் கதவுதான்.'

அவன் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டல். இரண்டு நாளில் யாரோ அந்தக் குரலை மட்டும் வெட்டியெடுத்து, லிப்ட் கதவு திறந்து மூடும் படத்தோடு ஒட்டிவிட்டார்கள். அது தளத்தைத் தாண்டி எங்கெங்கோ போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மகளிடம், "அந்தக் கச்சேரிப் பாட்டு வந்திருச்சாமே, நாலாவதைப் போடுடி" என்றாள். பாட்டு ஓடியது. குழு நின்றது. குரல் கிளம்பியது.

"நான்தான்! இது நான்தான்!" அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அன்னைக்கே சொன்னேன்ல?"

அவனுக்குக் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை. மகள் கைபேசியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா... இது நீயா? இதை வச்சு எல்லாரும் கிண்டல் பண்ணிக்கிட்டிருக்காங்கம்மா." மிச்சத்தை மகள் மறைத்திருக்கலாம், ஆனால் அக்கா விடவில்லை. கைபேசியைக் கேட்டு வாங்கி, அந்தப் பதிவை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். படத்தையும் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் தம்பியைப் பார்த்தாள்.

"ஏழாம் மாடியாம். உன்னை மாதிரி லிப்ட் வேலை பாக்கறவனா இருப்பான் போல."

"இருக்கும்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேச்சை முடிக்கும் அவசரத்தில், "வேலை வெட்டி இல்லாதவனுங்க. விட்டுத் தள்ளுக்கா" என்று சேர்த்துக்கொண்டான். தன்னையே திட்டித் தப்பித்த அந்த நிமிஷத்தைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

மாடிக்குப் போய்ப் பதிவை அழித்தான். அழித்து என்ன பயன்? ஊரே நகலெடுத்து வைத்திருந்தது. 'எவனோ டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்' என்ற வரி ஒவ்வொரு நகலிலும் அப்படியே இருந்தது. அந்த எவனோ வேறு யாருமில்லையே.

அக்கா சலவைக்கூடத்தில் தான் கச்சேரியில் பாடியதையும் பாடகர் சிரித்ததையும் அப்போதே சொல்லி வைத்திருந்தாள். அதனால் அந்தப் படமும் அங்கே போய்ச் சேர்ந்தது. மடிக்கும் பிரிவிலிருந்து ஒருத்தி, "லிப்ட் கதவு வந்திருச்சா?" என்று கூப்பிட, அக்கா சளைக்கவில்லை. "ஆமாடி, ஆள் ஏறலைன்னா மூட மாட்டேன், ஏறு" என்றாளாம். இதை அவளே வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த வாரம் அவள் வீட்டில் பாடவேயில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் மாடிக்கு ஏறி வந்தது. மோட்டார் நின்றுபோன கட்டடம் மாதிரி இருந்தது அவனுக்கு.

பத்தாம் நாள் வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் அக்கா முன்னால் நின்றான். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஏழாம் மாடி நான்தான்."

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இடது காதைத் திருப்பினாள். "என்ன?"

சொல்லக் கூசிய ஒன்றை இரண்டாம் தடவை, அதுவும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். உள்ளறையிலிருந்து மகள் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். "மாமா, நீங்களா?" என்றாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

அக்கா கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் வழக்கத்துக்கு மாறாக மெல்லக் கேட்டாள்.

"அப்போ உனக்கு என் குரல் தெரியலையாடா?"

கிண்டல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் சொற்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். இந்தக் கேள்விக்கு அவற்றில் ஒன்றும் ஒட்டவில்லை. முகம் தெரியாத கட்டடத்தின் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவனுக்கு, பிறந்ததிலிருந்து கேட்கும் குரல் தெரியவில்லை.

"மூணு தடவை கேட்டேன்க்கா" என்றான் கடைசியில். "தப்பு எங்கேன்னு மட்டும்தான் கேட்டேன்."

"சரி, போய்க் கைகால் கழுவிட்டு வா. சாப்பிடலாம்" என்றாள். எப்போதும்போலப் பரிமாறினாள். மகள் மட்டும் மூன்று வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தளத்தில் அவன் கடைசியாக ஒன்று எழுதினான். அந்தக் குரல் தன் அக்காவுடையது, டிக்கெட் கொடுத்தவன் தான், எழுதியதும் தான் என்று மூன்றே வரி. பாதிப் பேர் நம்பவில்லை. சிலர் இதையும் வேடிக்கையாக்கினார்கள். ஒருவர் மட்டும், அந்த நாலாவது பாட்டை அந்த ஒரு குரலுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பதாகவும், கிண்டலுக்குப் பயந்து இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார். அதை அக்காவிடம் படித்துக் காட்டினான். "நல்ல மனுஷன்" என்றாள்.

அதற்குப் பிறகு குழு இரண்டு தொகுப்புகள் போட்டுவிட்டது. ஏழாம் மாடியை இன்னும் சிலர் தேடுகிறார்கள். அவன் கேட்பதோடு சரி, எழுதுவதில்லை.

அக்கா மறுபடி பாடத் தொடங்கியது வெகுநாள் கழித்து, ஒரு காலை நேரத்தில். வேலைக்குக் கிளம்பி மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தான். கீழேயிருந்து குரல் வந்தது, அரைத் தாளம் முந்தி, சுருதிக்கு மேலே. இன்னும் ஒரு படி இறங்கினான்; அவன் நிழல் சுவரில் விழுந்ததோ என்னவோ, பாட்டு நின்றுவிட்டது.

"பாடுக்கா" என்றான் படியிலிருந்தே.

"நீ கேக்கறேன்னு தெரிஞ்சா வர மாட்டேங்குதுடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். "காபி ஆறுது, வா."

அவன் இறங்கி வந்து குடித்தான். இப்போதெல்லாம் காலையில் பாட்டுக் கேட்டால் படியிலேயே நின்றுவிடுகிறான். வேலைக்குத் தாமதமாகிறது. மேற்பார்வையாளர் காரணம் கேட்கிறார், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவைக்கிறான்.